வெறும் தோள்

மட்டாஞ்சேரி சுக்குக் கிடங்கின் வாசலில் சாயங்கால வெயில் தூசியோடு தூசியாக மிதக்கிறது. படியிலிருந்து லாரிக்குச் சாய்த்த பலகையில் இசக்கிதுரை மூட்டையோடு ஏறுகிறார். பலகைதான் முனகுகிறது, கால் ஆடவில்லை. போன மழைக்காலம் வரை அவருக்கு முன்னால் ஒரு தொந்தி போகும். அதைச் சுமந்து சுமந்தே அந்தக் குட்டைக் கால்கள் உரமேறியிருந்தன. சர்க்கரை வியாதி வந்து தொந்தியைக் கரைத்தது. தொடைச் சதையையும் கூடவே கொண்டுபோய்விட்டது. மூட்டையை அடுக்கிவிட்டு வெறுங்கையோடு இறங்குகிறார். பலகையின் நடுவில் முழங்கால் வெடவெடக்கிறது. இல்லாத தொந்திக்காக உடம்பு பழக்கத்தில் பின்னால் சாய்கிறது. கையை விரித்துக்கொண்டு எப்படியோ தரைக்கு வந்து சேர்கிறார். “மெலிஞ்சப்பறம் அண்ணாச்சி என்ன சுந்தரனாயிட்டாரு,” என்று சுக்கு பொறுக்கும் அம்மிணி சிரிக்கிறாள். மேஸ்திரி ராமபத்ரன் சிரிக்கவில்லை. “போதும் அண்ணாச்சி. நாளையிலேர்ந்து அம்மிணிகூட உக்காந்து பொறுக்குங்கோ.”

“மூட்டை இருந்தா கால் ஆடலைல்லா சேட்டா, பாத்தியள்லா.”

“இறக்கி வச்சா ஆடறதே. வெறுங்கையோட விழுந்தாலும் எலும்பு முறியும் கேட்டேளா.”

இசக்கிதுரை தலைத்துண்டை உதறிக் கட்டுகிறார். அடுத்த மூட்டையோடு ஏறி, அடுக்கின் மேல் சரித்துவிட்டு, லாரியின் விளிம்பில் நின்று பலகையைப் பார்க்கிறார். கீழே எல்லோரும் அவர் காலையே பார்க்கிறார்கள். மெல்லத் திரும்புகிறார். இறக்கிய மூட்டையை மறுபடியும் தோளுக்கு இழுத்துக்கொண்டு, ஆடாமல் அசையாமல் இறங்கி வருகிறார்.