குடும்பத்துடன் வருக

"அத்தை, இரங்கல் குரூப்ல என்ன போட்டிருக்கீங்கன்னு ஒரு தடவை பாருங்க."

போனில் தம்பி மகன். குரலில் கோபத்தைவிடச் சங்கடம்தான் அதிகம்.

பார்த்தாள்.

அந்த வாரம் மாரடைப்பில் போய்விட்ட, அவளுக்கு அண்ணன் முறையான பெரியப்பா மகனின் படம். அதன் கீழே வரிசையாக "ஆழ்ந்த இரங்கல்". அதற்கும் கீழே, பளிச்சென்ற மஞ்சளில், அவள் அனுப்பிய விளம்பரம்.

"ஆட்டிசம் மாநாடு. பெற்றோரே, நீங்கள் தனியாக இல்லை. அனைவரும் குடும்பத்துடன் வருக. மதிய உணவு உண்டு."

ஒரு சித்தப்பா வழக்கம்போல எதையும் படிக்காமல் அதற்கும் "ஆழ்ந்த இரங்கல்" என்று போட்டிருந்தார். மற்றவர்கள் படித்துவிட்டார்கள்.

"கல்யாண வீட்லயும் மாநாடு, சாவு வீட்லயும் மாநாடு."

"எரியற வீட்ல பிடுங்கினது லாபம்னு கிளம்பிட்டாங்க."

அவளுடைய மகனுக்கு ஆட்டிசம். அதனால்தான் மாநாட்டின் விளம்பர வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டாள். குடியிருப்புச் சங்கத்தின் மாத மடல், நூலகத்தின் செய்தி மடல், பள்ளிக்கூட அம்மாக்கள் குரூப், காலை நடை குரூப் என்று ஒன்றையும் விடவில்லை. சொந்தக்காரர்கள் அவள் பேரையே மறந்து 'மாநாடு' என்றுதான் கூப்பிடுகிறார்கள். கடைசியாகப் பார்த்த குரூப்தான் போனில் முதலில் வந்து நிற்கும். காலையில் ஐந்து ஐந்தாகத் தொட்டு அனுப்பிக்கொண்டே போனதில் இதையும் விரல் தொட்டுவிட்டது.

"கை தவறிடுச்சுடா."

"எனக்குத் தெரியுது. அவங்களுக்குத் தெரியணுமே. அதை அழிச்சுட்டு, மன்னிச்சுக்கங்கன்னு ஒரு வரி போட்டுடுங்க அத்தை. இல்லாட்டி உங்களை குரூப்லேருந்து தூக்கச் சொல்றாங்க. பெரியவங்க சொல்லும்போது நான் என்ன பண்ண முடியும்?"

அதுவரை அந்த குரூப் வேறொருவனைத்தான் வறுத்துக்கொண்டிருந்தது. இறந்தவரின் மூத்த மகனை. சின்ன வயதிலேயே விடுதிப் பள்ளியில் சேர்த்து, பிறகு வெளிநாட்டில் படிக்க வைத்த பிள்ளை என்பார்கள். அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக்கூட வரவில்லை.

"பெத்த அப்பன் செத்தது தெரிஞ்சும் வரலைன்னா அவனெல்லாம் என்ன பிள்ளை?" என்று கேட்டிருந்தார் ஒரு மாமா. அதற்கு இருபது பேர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள். இப்போது அவனை விட்டுவிட்டு இவளைப் பிடித்துக்கொண்டார்கள்.

"பெரியப்பா இருந்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பாரு அத்தை" என்றான் தம்பி மகன்.

அதுவும் உண்மைதான். போன வருட மாநாட்டின்போது குடும்ப குரூப்பில் இவள் இதே போல ஒன்றைப் போட்டதும், இப்போது இறந்துபோன அந்த அண்ணன் தனியாகக் கூப்பிட்டார்.

"உன் பையனைப் பத்தி ஊருக்கெல்லாம் சொல்லணுமாம்மா? எனக்குக் கல்யாண வயசுல பொண்ணு இருக்கு. நம்ம குடும்பத்துல இப்படின்னு தெரிஞ்சா யாரு கட்டிக்குவாங்க?"

அன்றைக்கு அழுதாள். கெட்ட மனிதர் இல்லை. ஊர் வாய்க்குப் பயந்தவர். அந்தப் பயத்துக்கு என் பிள்ளைதான் கிடைத்தானா என்று மட்டும் பல நாள் வலித்தது.

போனை வைத்துவிட்டு விளம்பரத்தை அழுத்திப் பிடித்தாள். 'எல்லாருக்கும் அழிக்கவா?' என்று கேட்டது. விரலைக் கொண்டுபோகும்போதே அழைப்பு வந்தது.

அண்ணி. இறந்தவரின் மனைவி.

என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று எடுத்தாள்.

"அண்ணி, தப்பு நடந்துபோச்சு. இதோ அழிச்சுடறேன். மனசுல வெச்சுக்காதீங்க."

"அழிச்சுடாதே."

வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசுவது போல இருந்தது குரல்.

"அந்த மாநாட்டுக்கு யாரு வேணும்னாலும் வரலாமாம்மா?"

"வரலாம் அண்ணி. யாருக்குக் கேக்கறீங்க?"

அந்தப் பக்கம் எங்கோ கதவை யாரோ தட்டினார்கள். விட்டு விட்டு, ஒரே மாதிரி.

"என்ன சத்தம் அண்ணி அது?"

"அவரை எடுத்த அன்னைக்கும் நீ கேட்டே. பக்கத்து வீட்ல வேலை நடக்குதுன்னு சொன்னேன்."

அண்ணி அழவில்லை. அழுது முடித்துவிட்ட குரல்.

"பெரியவன் வெளிநாட்டுக்கெல்லாம் போகலைம்மா. விடுதிக்கும் போகலை. சின்ன வயசுலேருந்து மாடி ரூம்லதான் இருக்கான். உன் பையன் மாதிரிதான் அவனும். வெளியில தெரிஞ்சா பொண்ணுக்கு இடம் அமையாதுன்னு அவரு சொன்னாரு. நானும் தலையை ஆட்டினேன். ஆனா அவனைக் குளிப்பாட்டறது, சோறு ஊட்டறது, தூங்க வெக்கறது எல்லாம் அவருதான். என்னைக் கிட்ட விடமாட்டான்."

இவளுக்குப் போன வருடத்து வலி இருந்த இடத்தில் இப்போது வேறு ஒன்று வலித்தது.

"அண்ணி, அவன் சாப்பிட்டானா?"

"தண்ணி மட்டும் குடிக்கறான். அவரு வேலையிலேருந்து வர்ற நேரம் ஆனா கதவைத் தட்ட ஆரம்பிச்சுடறான். நான் போய்த் திறந்தா, என்னைத் தள்ளிட்டு எனக்குப் பின்னாடி பார்க்கறான்."

தட்டும் சத்தம் கொஞ்சம் பலமாகக் கேட்டது. அண்ணி அவசரமாகப் பேசினாள்.

"அப்பா செத்துட்டாருன்னு அவனுக்கு எப்படிச் சொல்லிப் புரிய வெக்கறதுன்னு, உங்க மாநாட்டுல யாராவது சொல்லித் தருவாங்களாம்மா?"