ஓடுபாதைக்குப் பக்கத்துப் பள்ளம்

"உண்மையைச் சொல்லுங்க சார், என்னை மாதிரி ஒரு அறிவாளியை நீங்க எங்கேயாவது பார்த்திருக்கீங்களா?"

இளைஞர் கேட்டார். பக்கத்தில் புல்தரையில் உட்கார்ந்திருந்தார் பெரியவர். கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எதிரே, சற்று முன்பு வரை அவர்களைச் சுமந்து பறந்த குட்டி விமானம் ஓடுபாதையை விட்டு விலகி, பள்ளத்துச் சேற்றில் மூக்கைக் குத்தி, வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. இருவருக்கும் அடி ஒன்றும் பெரிதாக இல்லை. இளைஞருக்கு நெற்றியில் ஒரு புடைப்பு, அவ்வளவுதான்.

இன்று விமானி உரிமத்துக்கான தேர்வு. கிளம்பியது, திரும்பியது எல்லாம் பிரமாதம். இறங்குவது ஒன்றுதான் பாக்கி. அதில்தான் இந்தக் கூத்து. தேர்வு என்ன ஆனது என்பதைப் பற்றி மட்டும் இருவரும் வாயைத் திறக்கவில்லை.

"அழகா இறங்கிட்டு இருந்தோம்," என்றார் இளைஞர். "தரை இதோ, கைக்கு எட்டற மாதிரி. ஒழுங்கா இருந்திருக்கலாம்ல? பயத்துல கண்ட்ரோல் ஸ்டிக்கை ஒரே இழு. தவளை மாதிரி துள்ளிக்கிட்டு நேரா பள்ளத்துக்கு. மானம் கப்பலேறும்னு சொல்வாங்க. என்னோடது விமானமே ஏறிடுச்சு."

பெரியவரின் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்து போனது.

"என் பொண்டாட்டி கார் ஓட்டும்போது நான் பக்கத்துல உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதிப்பேன் சார். 'நீங்க எல்லாம் எப்படிங்க வானத்துல பறக்கறீங்க'ன்னு கேப்பா. இன்னைக்குப் பதில் கிடைச்சிருக்கு அவளுக்கு."

"விடுங்க தம்பி."

"எப்படி விடறது? விழுந்த உடனே நான் 'அம்மா'ன்னு கத்தினேன். நீங்க என்ன பண்ணீங்க? இன்ஜினை அணைச்சீங்க, பெட்ரோலை மூடினீங்க, என் பெல்ட்டையும் அவுத்து விட்டீங்க. உங்க நிதானத்துல பாதி எனக்கு இருந்தா நான் எங்கேயோ போயிருப்பேன்."

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விமானத்தையே பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "இது மூணாவது டெஸ்ட், தம்பி."

"தெரியும் சார். அதை நினைச்சாத்தான் எனக்கு உங்க முகத்தைப் பார்க்கவே கூச்சமா இருக்கு."

தீயணைப்பு வண்டி அலறிக்கொண்டு வந்து நின்றது. குழாயோடு குதித்தவர் விமானத்தைச் சுற்றிச் சுற்றி வந்து நெருப்பைத் தேடினார். கிடைக்காததில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"டெஸ்டா? கவுத்தது யாரு?"

"நான்தாங்க," என்றார் இளைஞர், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கையைத் தூக்கி.

தீயணைப்புக்காரருக்கு மனசு இளகிவிட்டது. அருகில் குனிந்து, பெரியவருக்குக் கேட்காது என்ற நினைப்பில், "கவலைப்படாதீங்க தம்பி. சாரைப் பார்த்தா தங்கமான மனுஷனாத் தெரியுது. கொஞ்சம் கெஞ்சிப் பாருங்க, மனசு இரங்குவார்," என்றார்.

"கெஞ்சத்தான் போறேன்."

இளைஞர் எழுந்து, பேன்ட்டில் ஒட்டிய சேற்றைத் தட்டிவிட்டுக்கொண்டு, பெரியவரின் முன்னால் போய் நின்றார்.

"சார், நீங்க பாஸ். நீங்க பாட்டுக்கு அருமையா இறக்கிட்டு இருந்தீங்க. போன ரெண்டு தடவையும் 'நிதானம் போதாது'ன்னு உங்களை ஃபெயில் பண்ண இந்த ஆபீசர்தான் நடுவுல பதறிப்போய் ஸ்டிக்கை இழுத்தான்னு, விசாரணையில கேட்டா மட்டும் கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க."