மலைக்கு அந்தப் பக்கம்

மருத்துவமனையிலிருந்து திரும்பிய அப்பா, செருப்பைக்கூடக் கழற்றாமல் எழுத உட்கார்ந்துவிட்டார். மகள் கதவருகே நின்று அதைப் பார்த்தாள்.

சிறுவர்களுக்கு விலங்குக் கதை எழுதுகிறவர் அவர். அவருடைய கதைகளில் ஓர் எறும்புகூடச் செத்தது கிடையாது. அதற்காகவே பள்ளிக்கூடங்கள் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடின.

"அம்மா எப்படிப்பா இருக்காங்க?"

"அவளுக்கென்ன, நல்லாத்தான் இருக்கா." அவர் நிமிரவே இல்லை.

"இப்ப என்ன கதை எழுதறீங்க?"

"ஒரு அம்மா மான் கதை. அது..." கனைத்துக்கொண்டார். "அது மலைக்கு அந்தப் பக்கம் போயிடுது. அங்க ஒரே பச்சைப் புல்லு. ரொம்ப ஜாலியா இருக்கும்."

மகள் பக்கத்தில் வந்தாள். அவர் விரல்களிலிருந்து பேனாவை எடுத்து மூடி வைத்தாள்.

"நம்ம முயல் காணாமப் போனப்பவும் அங்கதான் போச்சுன்னு கதை எழுதினீங்க. அப்புறம் பூனை போனப்பவும் எழுதினீங்க. ரெண்டு தடவையும் நீங்க தோட்டத்துல குழி தோண்டினதை நான் ஜன்னல் வழியா பார்த்தேம்பா."

அவர் புறங்கையால் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"அழாம சொல்லுங்க. அம்மா எப்பப்பா போனாங்க?"