முப்பது போர்டு

"மாமா, உங்க காலுக்குக் கீழே ஆக்சிலேட்டர்னு ஒண்ணு இருக்கு. லேசா மிதிச்சுத்தான் பாருங்களேன்!" என்று கெஞ்சினார் பக்கத்து இருக்கையிலிருந்த மாப்பிள்ளை.

மாமா மிதிக்கவில்லை. அந்த வழியாக ஒரு நத்தை போயிருந்தால், காரை முந்திவிட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரித்திருக்கும். பின்னால் ஊரே திரண்டு ஹாரன் அடித்தது. காலையிலிருந்து இதே தெருவில் மேலும் கீழுமாக இதே ஊர்வலம்.

"ரோட்டுக்குக் குறுக்கே கறுப்பா ரெண்டு ரப்பர் குழாய் கிடக்குதே, பார்த்தீங்களா மாப்ளே? சாலைத் துறைக்காரங்க போட்டது. மேல ஏறுற வண்டியோட வேகத்தை அளக்கும். ஜனங்க போற வேகத்தைப் பார்த்துத்தான் இந்த ரோட்டுக்கு வேக வரம்பு முடிவு பண்ணுவாங்க. நாம ஊர்ந்தா பின்னாடி வர்றவனும் ஊர்ந்துதானே ஆகணும்? முப்பதுன்னு போர்டு வெச்சே தீருவாங்க!"

"அதுக்கு நான் எதுக்கு மாமா?"

"திட்டுறவங்களுக்குப் பதில் சொல்ல ஆள் வேணாமா? என் பொண்ணுகிட்டயே திட்டு வாங்கிப் பழகினவராச்சே நீங்க!"

மாப்பிள்ளை சிரித்தார். மாமா வீட்டு மாடி ஜன்னலைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கியது. அங்கே அத்தை, காதில் போனோடு. ரோட்டுக்கு அந்தப் பக்கம், எதிர் ஜன்னலோரக் கட்டிலில் அத்தையின் அக்கா. அவர் காதிலும் போன். அக்காவால் இனி எழுந்து நடக்க முடியாது. அத்தைக்கோ பறக்கும் வண்டிகளுக்கு நடுவே இறங்கப் பயம்.

"கார்ல கொண்டுபோய் விடலாமே மாமா?"

"விட்டேனே! போனதுமே கிளம்பு கிளம்புன்னு பிடுங்குறேனாம். நினைச்சப்போ தானே நடந்து போய், அக்காவுக்கு ஆற அமரத் தலை வாரிவிட்டு வரணுமாம். வேற எதுவும் கேக்கலை மாப்ளே அவ."

அடுத்த வாரம், வாசலிலேயே தவம் கிடந்த மாமா, சாலைத் துறை வேனைக் கைகாட்டி நிறுத்தினார். பொறியாளர் அம்மா எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"நகரத்துலயே ரொம்ப சாதுவான ரோடு உங்களோடதுதான் சார்! மெஷின் கெட்டுப்போச்சோன்னு திரும்பத் திரும்ப சோதிச்சுப் பார்த்தோம்."

மாமா, பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையைப் பெருமை பொங்கப் பார்த்தார். "அப்போ முப்பது போர்டு?"

"இவ்வளவு மெதுவா போற ரோட்டுக்கு அது எதுக்கு? வண்டி பறக்குற ரோட்டுக்குக் கொண்டுபோறோம்."

வேனின் பின்பக்கம், புதுப் பெயின்ட் வாசனையோடு, முப்பது என்று எழுதிய போர்டு படுத்திருந்தது.

"இங்கே நடுறதுக்குன்னு செஞ்ச போர்டுதான் சார். இந்தத் தெருவுலேர்ந்து ஒருத்தங்க ஓயாம போன் பண்ணி, எங்க உயிரை எடுத்து அனுமதி வாங்கினாங்க. வண்டிங்க வேகமா போகுதுன்னு அளந்து காட்டுறதுதான் பாக்கி. கடைசியில அவங்க சொன்னது பொய்யாப் போச்சு!"

"அம்மா, அது வந்து... நான்தான்..."

வேன் கேட்கவில்லை. ரப்பர் குழாய் கிடந்த இடத்தைத் தாண்டிப் பறந்தே போனது.

மாடி ஜன்னலில் அத்தை, காதில் போனோடு, முகமெல்லாம் சிரிப்பாக எட்டிப் பார்த்தார்.

"என்னங்க, வேனைப் பார்த்ததுல அக்காவுக்குத் தலைகால் புரியலை! எனக்குத் தெரியாம, படுத்த இடத்துலேர்ந்தே போன் போட்டுப் போட்டு வாங்கின போர்டாம். நாளைக்கே சீப்போட வரச் சொல்றா... எங்கேங்க நட்டாங்க?"