மேஸ்திரியின் வயிறு

"இவன் வயிறு தேறலன்னா என் பொழப்பு போச்சும்மா" என்று சொல்லிவிட்டு, காவல்காரர் தீனிக் கடை வாசலில் கயிற்றைச் சுருக்கிப் பிடித்தார். மறுமுனையில் மேஸ்திரி விலா எலும்பு தெரிய நின்றது. அடுத்தவன் வேலை செய்ய, தான் படுத்துக்கொண்டே பார்ப்பதால், கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்கள் அந்த நாய்க்கு வைத்த பெயர் அது.

எத்தனை நாளாக இப்படி என்று கடைக்காரம்மா கேட்டாள். மூன்று மாதமாக என்றார். கம்பெனி கொடுக்கிற தீனியைப் போட்டால் அரை மணி நேரத்தில் வாந்தி, இல்லையென்றால் தண்ணீராகப் போகிறது. வேளாவேளைக்குச் சோறு குழைத்து ஊட்டுகிறார். அதுவும் பாதி நாள் தங்குவதில்லை.

அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. கம்பெனிக்கு ஆறு கிடங்குகள். போன மாதம் எல்லா வாசலிலும் கேமரா வைத்து, நாய்களை மட்டும் வைத்துக்கொண்டு, ஐந்து காவல்காரர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இவரை மட்டும் விட்டுவைத்தார்கள். பதினெட்டு வருடம் அங்கேயே மூட்டை சுமந்து முட்டி தேய்ந்தவன் என்ற இரக்கமாக இருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

இப்போது மேனேஜர் போன் போட்டு, நாயின் நிலவரத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும், மாதக் கடைசியில் ஆபீசர் வருவார் என்று சொல்லியிருந்தார். வேலை போனால் கிடங்கு வாசலோரத்து அறையும் போகும். அவரும் மனைவியும் படுப்பது அங்கேதான். வேறு கூரை கிடையாது.

காவல்காரர் கடையின் மேல் தட்டில் பளபளவென்றிருந்த பையைக் காட்டினார். விலையைக் கேட்டதும் கை தானாக இறங்கியது.

"படத்தப் பாக்காதீங்கண்ணே. பின்னாடி மொதல்ல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க" என்றாள் கடைக்காரம்மா. "மொதல்ல கறி வரணும். மக்காச்சோளம் வந்தா, கோழித் தீவனத்த நாய் தலையில கட்டுறான்னு அர்த்தம்."

கீழ்த் தட்டிலிருந்து படமே இல்லாத ஒரு காக்கிப் பையை எடுத்தாள். ஒரே வகைக் கறி, அரிசி, சாயம் கிடையாது. விளம்பரம் செய்ய வக்கில்லாதவன் சரக்கு, அதனால்தான் விலை குறைச்சல் என்றாள். ஒரேயடியாக மாற்றக் கூடாது. குழைந்த சோற்றில் முதலில் கால் பங்கு, அப்புறம் பாதி, அப்புறம் முக்கால், பத்தாம் நாள்தான் முழுசும். நடுவில் ஒரு துண்டு ரொட்டிகூட வாயில் படக் கூடாது.

முட்டி மாத்திரைக்கு வைத்திருந்த காசு கல்லாவுக்குப் போனது.

அவர் அடுப்பில் சோறு குழைப்பதை மனைவி சுவரில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்குக் காமாலை வந்து கெடந்தப்ப ஒரு நாளு கஞ்சி வெச்சிருப்பீங்களா?"

"நீ கொரைச்சா கம்பெனி எனக்குச் சம்பளம் குடுக்குமா?" என்றார். அவள் சிரிக்கவில்லை. டம்ளரை வாங்கி, தீனியைக் கால் பங்கு அளந்து தலைதட்டிக் கொடுத்தாள்.

நான்காம் நாள் எல்லாம் வெளியே வந்துவிட்டது. மூட்டைக்காரன் ஒருவன் பாவம் பார்த்து பிஸ்கட் போட்டிருந்தான். அவனை அடிக்காத குறையாகத் திட்டிவிட்டு, காவல்காரர் மறுபடியும் கால் பங்கிலிருந்து ஆரம்பித்தார். மனைவி தெருத் தெருவாக அறை கேட்டுப் போய்வந்தாள். வேலை போகப்போகிற கிழவனுக்கு யாரும் அறை தருவதாக இல்லை. வந்ததும் பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்தாள்.

தினமும் விடிந்ததும் அவர் கிடங்குக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நாய் போட்டதையே உற்றுப் பார்ப்பார். "என்னண்ணே, தங்கம் கிங்கம் வருதா?" என்று மூட்டைக்காரர்கள் கேட்பார்கள். வந்தால் முதல் பங்கு உனக்குத்தான் என்பார்.

பதினாறாம் நாள் அது கெட்டியாக விழுந்தது. முட்டி வலியையும் மறந்து ஓடிப்போய் மனைவியை இழுத்துக்கொண்டு வந்து காட்டினார். அவள் குனிந்து பார்த்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். அன்று சாக்கிலிருந்து இரண்டு தட்டுகளை வெளியே எடுத்து வைத்தாள்.

மாதக் கடைசியில் ஜீப் வந்தது. இறங்கிய இளவயது ஆபீசரைப் பார்த்து மேஸ்திரி குரைத்த குரைப்பில், அவர் இறக்கிய காலை மறுபடி ஜீப்புக்குள் வைத்தார். பிறகு சிரித்தார். நாய் நன்றாகத் தேறிவிட்டதே என்றார். இன்னும் சோறு குழைத்துத்தான் போடுகிறீர்களா, கூடவே ஆள் இருந்து ஊட்ட வேண்டியிருக்கிறதா என்று விசாரித்தார்.

காவல்காரருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "ஒரு பருக்க கெடையாது சார். வெறும் தீனிதான். கொட்டினாப் போதும், அதுவே தின்னுக்கும்."

ஆபீசர் அதை எழுதிக்கொண்டு டிரைவரைப் பார்த்தார். டிரைவர் ஜீப்பின் பின்னாலிருந்து உயரமான ஒரு தகரப் பெட்டியை இறக்கினான். முகப்பில் கடிகாரம், நேரம் வைத்தால் காலையும் மாலையும் அதுவாகவே தீனி கொட்டும். வாசல் சுவரில் வைத்து நான்கு திருகாணி முடுக்கினான். மனைவி தந்த காக்கிப் பையை அதற்குள் கவிழ்த்தான்.

ஆபீசர் அறைச் சாவிக்காகக் கையை நீட்டினார்.

காவல்காரர் சாவியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "நாய்தான் தேறிடுச்சே சார்?"

"அது தேறலன்னுதான் பெரியவரே இத்தன நாளு உங்கள வெச்சிருந்தோம்."