பொட்டுக்குப் பொட்டு

ருக்மணி லேப்டாப்பைத் திறந்து, எழுத்துகளுக்கு நடுவே துருத்திக்கொண்டிருந்த சிவப்புக் குமிழில் சந்தனத்தை அப்பி, அதன்மேல் குங்குமமும் வைத்தாள்.

கட்டிலில் கிடந்த தியாகு மனைவியின் காரியத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பார்ப்பதைத் தவிர அவரால் வேறு என்ன ஆகும்?

அந்தக் குமிழுக்கு வீட்டில் பொட்டு என்று பெயர். விரல் நுனியால் லேசாக அழுத்தினால் போதும், திரையில் அம்பு அந்தப் பக்கமாக நகரும். பத்து பெரெண்டாம் ஊரில் தொழிற்சாலை வேலை பார்த்த காலத்திலிருந்தே தியாகுவுக்குப் பொட்டுதான். இப்போது பொட்டுக்கே பொட்டு வைத்தாயிற்று.

மகள் ஷாமினி மவுஸ் கட்சி. மவுஸ் இல்லாமல் மாமாக் சாப்பாட்டுக் கடைக்குக்கூட லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போக மாட்டாள். ருக்மணி டச்பேடைத் தேய்ப்பவள், அதுவும் சப்பாத்தி மாவுக் கையோடு.

இந்தக் காலத்தில் யாரப்பா இதைப் போய் அமுக்குவார்கள் என்று மகள் கிண்டலடிப்பாள். உன் மவுஸுக்கு மேசை வேண்டும், என் பொட்டுக்கு விரல் இருந்தால் போதும் என்பார் தியாகு.

வாய்முகூர்த்தம் அப்படியே பலித்துவிட்டது. நரம்பு நோய் வந்து பேச்சைப் பிடுங்கிக்கொண்டது. தலையாட்டலைப் பிடுங்கிக்கொண்டது. வலது ஆள்காட்டி விரலின் நுனியை மட்டும் போனால் போகிறதென்று விட்டுவைத்தது.

அந்த விரலால் மவுஸை நகர்த்த முடியாது. டச்பேடைத் தேய்க்க முடியாது. பொட்டை அழுத்த முடியும். அழுத்தி அழுத்தி, திரையில் ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கித்தான் அவர் பேசிவந்தார்.

இன்று அவர் பேச வேண்டியது ஒரே ஒரு சொல்.

ஷாமினிக்கு வெளிநாட்டில், பெர்த் நகரில் வேலை கிடைத்திருந்தது. மதியத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அப்பா போ என்றால் போகிறேன், வேண்டாம் என்றால் இருந்துவிடுகிறேன் என்று நேற்றே சொல்லிவிட்டாள். மருந்து மயக்கத்தில் நேற்று விரல் ஓடவில்லை. காலையில் எழுதிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்.

போ என்றுதான் எழுதப்போகிறார். அவருக்குத் துணி மாற்றி மாற்றியே வயதைத் தொலைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அந்த ஒரு சொல்லைக்கூடத் தர முடியாவிட்டால் அவர் என்ன அப்பா?

"இன்னிக்கி ஆயுத பூஜை லா பாப்பா. சாமிகிட்ட வெச்சத எடுக்கக் கூடாது, அப்பாவுக்கு ஆகாது. நாளைக்கி எழுதட்டும்" என்று சொல்லிக்கொண்டே ருக்மணி லேப்டாப்பைச் சாமிப் படங்களுக்கு முன்னால் வைத்தாள்.

ஷாமினிக்குத் தீபாவளியும் தைப்பூசமும் விட்டால் வேறு நாள் கிழமை தெரியாது. அப்பாவுக்கு ஆகாது என்று சொன்ன பிறகு அவள் அதைத் தொடுவாளா? தன்னுடைய லேப்டாப்பைக் கொண்டுவந்தாள்.

புதுசு, மெல்லிசு. அதில் பொட்டு இல்லை.

அப்பாவின் கையைத் தூக்கி மவுஸின் மேல் வைத்தாள். அது செத்த எலி மாதிரி கிடந்தது. விரலை டச்பேடில் வைத்தாள். வைத்த இடத்திலேயே இருந்தது. கண்ணைச் சிமிட்டச் சொல்லியும் பயனில்லை, அவர் இமைகள் தம் இஷ்டத்துக்குத் துடிப்பவை.

லேப்டாப்பை ஒதுக்கிவிட்டு, அவள் அப்பாவின் கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள்.

"போகவாப்பா?"

தியாகு அழுத்தினார். அவளுடைய உள்ளங்கையையே பொட்டாக நினைத்துக்கொண்டு, உடம்பில் மிச்சமிருந்த பலத்தையெல்லாம் அந்த நுனிக்குக் கொண்டுவந்து, திரை இருந்திருந்தால் அம்பு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமாக அழுத்தினார். போ. போ. போ.

கண்ணிலிருந்து நீர் காதுப் பக்கமாக இறங்கியது.

ஷாமினி தன் கையை விடாமல் பற்றும் விரலைப் பார்த்தாள். கண்ணீரைப் பார்த்தாள்.

"சரிப்பா. அழாதீங்க. நான் எங்கயும் போகல."

அவர் இன்னும் பலமாக அழுத்தினார். அவளும் பதிலுக்குப் பலமாகப் பற்றிக்கொண்டாள்.

மற்றக் கையால் கைப்பேசியை எடுத்து அங்கேயே பதில் அனுப்பிவிட்டாள். பிறகு முகம் கழுவப் பின்பக்கம் போனாள். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

அடுத்த வீட்டு ஜெயா கிரில் கதவைத் தட்டினாள். "ருக்மணிக்கா, பாசாருக்குப் போறேன். நாளைக்கி ஆயுத பூஜைக்கிப் பொரி உங்களுக்கும் சேத்து வாங்கிட்டு வரவா?"

ருக்மணி வாசல் பக்கம் திரும்பவே இல்லை. வாங்கிட்டு வா என்று அவள் சொன்னது ஜெயாவுக்குக் கேட்டிருக்காது.

சற்று நேரம் கழித்துச் சாமிப் படங்களுக்கு முன்னாலிருந்து லேப்டாப்பை எடுத்து வந்தாள். காய்ந்திருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினாள். ஈரத்துணியால் பொட்டைத் துடைத்தாள். தியாகுவின் விரலைத் தூக்கி அதன்மேல் வைத்துவிட்டு, கட்டில் காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை. தோள்கள் மட்டும் குலுங்கின.

அவரும் போன பிறகு, மகளும் இல்லாத வீட்டில் அவளுக்கு யார்? அது அவருக்குத் தெரியாததா?

திரையில் அம்பு காத்துக்கொண்டிருந்தது. இப்போது அவர் எதை வேண்டுமானாலும் சொல்லலாம்.

பின்பக்கம் தண்ணீர்ச் சத்தம் நின்றது. ஷாமினி வந்துகொண்டிருந்தாள்.

தியாகு பொட்டை அழுத்தவில்லை.