மூன்று என்று எழுதிய கை

மறதி நோய் கண்ட பலவேசத்தின் நினைவுகளைத் துண்டு துண்டாகத் தெருக்காரர்களின் வீடுகளில் வைத்த நினைவகப் பெட்டிகளில் சேமித்து, அவர் தலைமாட்டுக் கணினியோடு இணைத்தவன் தவசிமுத்து. ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று வீடுகளில் நகல் இருக்க வேண்டும் என்பது விதி. அன்று மற்ற வீடுகள் பூட்டிக் கிடந்ததால், கடைசித் துண்டை ஒரே வீட்டில் வைத்துவிட்டு, பதிவேட்டில் மூன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டான். அந்தத் துண்டில் இருந்தது மகள் செண்பகத்தைப் பற்றிய நினைவு.

நேற்று அந்த வீட்டார் காசிக்குக் கிளம்பினார்கள். ஊருக்குப் போகிறவர்கள் செய்கிற மாதிரி மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் போனார்கள்; அதோடு பெட்டியும் நின்றுபோனது. திரும்பி வரப் பத்து நாளாகும்.

துபாயிலிருந்து இரண்டு நாள் விடுப்பில் வந்திருந்த செண்பகம் கேட்டாள்: "மூணு வீட்லயுமா கரண்ட் இல்ல?"

தவசிமுத்து சொன்னான்: "ஒரு வீட்லதான் வச்சேங்க்கா. பொய்யா எழுதிட்டேன்."

"நாளைக்கு எனக்கு ஃப்ளைட்டுடா! நீ நல்லாருப்பியா?"

கட்டிலில் இருந்த பலவேசம் கையமர்த்தினார்.

"தவசிய வையாதம்மா, தங்கமான பய. ஆமா, நீ யாரு வீட்டுப் புள்ள?"